ஒன்று புள்ளி நான்கு மூன்று

ஜனவரி 4, சனி

துறை ஃபிரிட்ஜில் யாரோ அரையாண்டு விடுமுறைக்கு முன்னால் வைத்துப்போன தயிர்சாதம் இருந்தது. மூடியைத் திறந்த பாவம் என்னுடையது. பச்சையும் கறுப்புமாகப் பூத்து முடி முளைத்திருந்தது. குமட்டிக்கொண்டு வராண்டாவுக்கு ஓடினேன். அங்கே புறா எச்சம். ஆறு வருடம் இந்த இயற்பியல் துறையில் குப்பை கொட்டியதற்கு இதுதான் மரியாதை.

ஆகஸ்டில் தீசிஸைக் கொடுத்தாயிற்று. தேர்வாளர்கள் இரண்டு பேரும் நல்லபடியாக அறிக்கை அனுப்பிவிட்டார்கள். வைவா என்கிற வாய்மொழித் தேர்வு ஒன்றுதான் பாக்கி, மார்ச்சில் இருக்கும். அது முடிந்தால் டாக்டர் ச. உலகம்மாள். அதுவரை காலை நீட்டி உட்காரலாம் என்றிருந்தேன். என் கைடு தாணுமாலயன் சாருக்கு யாராவது சும்மா இருந்தால் பொறுக்காது.

"மக்ளே, சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை சூசைநாதன் வருவாரு. உன் ரிசல்ட் டேபிள் எல்லாத்தையும் அவருக்கு விளக்கிக் குடு. அவருக்க தீசிஸே உன் டேபிள் மேலயாக்கும் நிக்குது" என்றார். நாகர்கோவில்காரர். வேலை வாங்கும்போது மட்டும் நான் மக்ளே.

சூசைநாதன் தூத்துக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். பகுதிநேர ஆய்வாளர். வயது நாற்பத்தாறு. முப்பது வயதுக்காரி என்னை, சீனியர் என்பதற்காக, 'மேடம்' என்கிறார். பஸ்ஸில் வந்த வியர்வையோடு ஏசி அறைக்குள் உட்கார்ந்து, ஒரு மணிக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். நெத்திலி. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை வெங்காயமே கிடையாது. எழுந்து வெளியே போய்விட்டேன்.

ஜனவரி 6, திங்கள்

வைவா அறிவிப்போடு பொதுமக்களுக்காகத் தமிழில் ஒரு சுருக்கம் ஒட்ட வேண்டுமாம். பொதுமக்களில் எவன் வந்து படிக்கப் போகிறான்? இருந்தாலும் எழுதினேன்:

"ஒரு பெரிய நட்சத்திரம் செத்துச் சுருங்கினால் நியூட்ரான் நட்சத்திரம் ஆகும். சூரியனை விட அதிகக் கனம். ஆனால் ஒரு தாலுகாவுக்குள் அடங்கிவிடும் அளவு. அதன் நடுவே என்ன பொருள் இருக்கிறது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. பதினான்கு விதமாகச் சொல்கிறார்கள். எந்தப் பொருள் என்பதைப் பொறுத்து நட்சத்திரத்தின் எடையும் பருமனும் மாறும். அதைக் கணக்கிட ஐன்ஸ்டைனின் ஈர்ப்புச் சமன்பாடு தேவை. அது கடினமானது. அதற்குப் பதில் நியூட்டனின் எளிய ஈர்ப்பையே எடுத்துக்கொண்டு, அதில் ஒரு திருத்த எண்ணைச் சேர்த்தால் போதும் என்று இந்த ஆய்வு காட்டுகிறது. அந்த எண் 1.43. பொருள் பதினான்கில் எதுவானாலும் எண் மாறுவதில்லை என்பதே இந்த ஆய்வின் முடிவு."

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். பற்பசை விளம்பரம் மாதிரி இருந்தது. ஒரு நட்சத்திரத்துக்கு முழுச் சமன்பாட்டை என் லேப்டாப் இரண்டு நொடியில் போட்டுவிடும். குறுக்கு வழி கண்டுபிடிக்கத்தான் ஆறு வருடம். கேட்டால், இரண்டு நட்சத்திரங்கள் மோதும்போது முழு வழி வாரக்கணக்கில் ஓடும், அப்போது நம் எண்ணின் அருமை தெரியும் என்பார் கைடு. அவர் அதைத் 'தாணுமாலயன் எண்' என்று கடிதத் தலைப்பில் அச்சடித்திருக்கிறார். ஜூனியர்கள், 143 என்றால் 'ஐ லவ் யூ' என்று, 'காதல் எண்' என்கிறார்கள். இரண்டில் எது மோசம் என்று தெரியவில்லை.

ஜனவரி 11, சனி

சூசைநாதன் சார் ஒரு நீள நோட்டோடு வந்தார். பழுப்பு அட்டை போட்டு, லேபிளில் பெயர் எழுதி, ஐந்தாம் வகுப்புப் பையன் மாதிரி.

"மேடம், ஒரு நட்சத்திரத்த மட்டும் நா கையால போட்டுப் பாக்கட்டுமா?"

"எதுக்கு சார்? அதான் புரோகிராம் இருக்குல்லா."

"இருக்கு மேடம். ஆனா கிளாஸ்ல ஒரு கணக்கையாவது போர்டுல முழுசா போட்டுக் காட்டிட்டுத்தான் மத்தத பிள்ளைகள்ட்ட விடுவேன். பழகிப்போச்சு."

சிரிப்பு வந்தது. நட்சத்திரத்தின் நடுவிலிருந்து ஆரம்பித்து, இருநூறு மீட்டர் இருநூறு மீட்டராக வெளியே வந்து, ஒவ்வொரு படியிலும் அழுத்தம், அடர்த்தி, உள்ளே அடங்கிய எடை என்று கால்குலேட்டரில் தட்டி எழுதப் போகிறாராம். அறுபது படிக்கு மேல் வரும். ஆறாம் எண் பொருளைத் தேர்ந்தெடுத்து அதன் அட்டவணையைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டார்.

"தாராளமா போடுங்க சார்" என்றேன்.

அவர் போன பிறகு ஃபிரிட்ஜ் முழுவதையும் நானே கழுவினேன். தட்டு, ரப்பர், கீழே தண்ணீர் தேங்கும் கிண்ணம் எல்லாம். மூன்று மணி நேரம் ஆனது. யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கலுக்கு ஊருக்குப் போகவில்லை. மெஸ் பொங்கலில் வெல்லத்துக்குப் பதில் சீனி. சீ.

ஜனவரி 25, சனி

எதிர்பார்த்த மாதிரியே சூசைநாதன் சாருக்கு விடை ஒத்துவரவில்லை. எங்கள் அட்டவணையில் அந்த நட்சத்திரத்தின் எடை 1.92 சூரியன். அவருக்கு வந்திருப்பது 1.63.

"எங்கயோ தப்பு விட்டுட்டேன் மேடம்" என்று நோட்டைத் தள்ளினார். கட்டம் போட்டு, சிவப்பு மையால் கோடு இழுத்து, அடித்தல் திருத்தல் இல்லாமல் பதினெட்டுப் பக்கம். அவ்வளவு சுத்தமான நோட்டைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

"படி பெருசா இருக்கு சார். நூறு மீட்டர் வச்சுப் போட்டுப் பாருங்க."

"நூறு வச்சா சரியாயிடுமா மேடம்?"

"போட்டுப் பாருங்க."

இருநூறிலிருந்து நூறுக்கு வந்தால் மூன்றாம் தசமம்தான் அசையும். இது எம்.எஸ்சி. படிக்கிற பிள்ளைக்குத் தெரியும். இருபது வருடம் பாடம் நடத்துகிறவருக்குத் தெரிய வேண்டாமா? இதுகூடத் தெரியாமல் எதற்கு ஆராய்ச்சிக்கு வருகிறார்கள்? தலையை ஆட்டிக்கொண்டு நோட்டைப் பைக்குள் வைத்தார். புது நோட்டு வாங்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனார்.

ஜனவரி 27, திங்கள்

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. புரோகிராமைச் சீனியரிடமிருந்து வாங்க வேண்டும், ஓட்ட வேண்டும், ஜூனியரிடம் கொடுக்க வேண்டும். உள்ளே திறந்து பார்க்கக் கூடாது. எனக்குக் கொடுத்தவர் அவருடைய சீனியரிடம் வாங்கினார். அவர் யாரிடம் வாங்கினாரோ. "ஓடுற வண்டிக்கு பானட்டத் தொறக்கப்பிடாது" என்பது கைடின் வேதவாக்கு. நானும் சூசைநாதன் சாருக்கு ஓட்டுவதற்கான ஃபைலை மட்டும்தான் கொடுத்திருக்கிறேன். அதன் மூல நிரல் துறைக் கணினியில் என் ஃபோல்டரில் கிடக்கிறது.

பொருள் அட்டவணையைப் படிக்கிற பகுதி மட்டும் நான் சேர்த்தது. அதில் அடர்த்திக்கு ஒரு வரம்பு இருக்கும். யார் வைத்தது என்று இப்போது நினைவில்லை.

பிப்ரவரி 1, சனி

சூசைநாதன் சார் வரவில்லை. நிம்மதி.

கைடு அழைத்தார். வைவா மார்ச் 14. வருகிறவர் சென்னையிலிருந்து பேராசிரியர் மீனலோசனி. "மீனு சாப்பிடுவாங்களா, சைவமான்னு மொதல்ல கேட்டு வை மக்ளே. அதாக்கும் முக்கியம்." நட்சத்திரம் முக்கியமில்லை, குழம்பு முக்கியம்.

பொன்னாடை எடுக்க அவர் அலமாரியைத் திறந்தேன். இதுவரை அவருக்குப் போர்த்திய பொன்னாடைகள் எல்லாம் அங்கே அடுக்கியிருக்கின்றன. அவற்றையேதான் வருகிற தேர்வாளர்களுக்குப் போர்த்துகிறோம். ஒன்றில் சந்தனக் கறை, ஒன்றில் சாம்பார். ஒன்றை விரித்தால் கரப்பான்பூச்சி முட்டை. கை கழுவப் போனால் பாத்ரூமில் தண்ணீர் இல்லை. ஊரில் எத்தனை தோளில் ஏறி இறங்கிய துணியோ.

பிப்ரவரி 8, சனி

1.634.

நூறு மீட்டர் படி. நூற்றிருபத்துச் சொச்சம் வரிகள். புது நோட்டு, புது அட்டை. வலது கை நடுவிரலில் பேனா அழுத்தி மை ஊறிய தழும்பு. கல்லூரியில் ஒரு வாரம் விடுப்புப் போட்டாராம்.

"அப்பமும் வரல மேடம். நா எங்க விடுதேன்னு புரியல."

நான் நோட்டைப் புரட்டுகிற மாதிரி புரட்டினேன். அட்டவணையில் இரண்டு எண்களுக்கு நடுவே மதிப்பு எடுக்கிற முறை சரியில்லை, அதை மாற்றிப் போடுங்கள் என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன் என்பதுதான் நிஜம். அவர் உடனே எழுந்துவிடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வேற எதாவது இருக்குமா மேடம்? ஒங்களுக்கு எதாவது தோணுதா?"

"எனக்கு ஒண்ணும் தோணல சார்."

"யோசிச்சுப் பாருங்க. அவசரமில்ல."

இந்த மனிதரின் பொறுமை எனக்கு அருவருப்பாக இருக்கிறது. கத்தினால் திருப்பிக் கத்தலாம். இப்படி வெறுமனே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் என்ன செய்வது?

பிப்ரவரி 10, திங்கள்

சும்மா ஒரு ஆர்வத்துக்காக, ஆறாம் பொருளை அந்த வரம்பை நீக்கிவிட்டு ஓட்டிப் பார்த்தேன். 1.63.

பிப்ரவரி 11, செவ்வாய்

பதினான்கையும் ஓட்டினேன். இதை எங்காவது எழுதி வைத்தாக வேண்டும். இங்கே எழுதாவிட்டால் யாரிடமாவது உளறிவிடுவேன்.

அட்டவணைகள் ஓர் அடர்த்தியோடு முடிந்துவிடும். நட்சத்திரத்தின் நடு அதைத் தாண்டினால் புரோகிராம் விழுந்துவிடும். விழாமல் இருக்க, வரம்புக்கு மேலே அட்டவணையைப் பார்க்காதே, இந்த ஒற்றை வாய்பாட்டைப் போட்டுக்கொள் என்று ஒரு வரி இருக்கிறது. வரி தப்பில்லை. வரம்பு வேறு அலகில் எழுதப்பட்டிருக்கிறது. அதனால் அட்டவணையின் கடைசி எண்ணுக்குப் பிறகு செயல்பட வேண்டிய வரி, ஏறக்குறைய முதல் எண்ணிலேயே செயல்பட்டுவிட்டது. பதினான்கு பொருளும் வேறுபடுவதே அந்த இடத்துக்கு மேலேதான். அங்கே எல்லாவற்றிலும் ஒரே வாய்பாடு.

எங்கள் மெஸ்ஸில் திங்கள் சாம்பார், செவ்வாய் புளிக்குழம்பு, புதன் சொதி என்று பலகையில் எழுதியிருக்கும். வாளி ஒன்றுதான். அந்த மாதிரி, பதினான்கு நட்சத்திரத்துக்கும் உள்ளே ஒரே சரக்கு. ஐன்ஸ்டைனின் முழுச் சமன்பாட்டையும் எங்கள் குறுக்கு வழியையும் அதே புரோகிராமில்தான் ஒப்பிட்டோம். எண் மாறவில்லையாம். எப்படி மாறும்?

வரம்பைச் சரியான அலகுக்கு மாற்றினால் எண் 1.2இலிருந்து 1.8 வரை பொருளுக்குப் பொருள் ஆடுகிறது. 1.43 என்று ஓர் எண்ணே கிடையாது.

கிழவருக்கு இது தெரியும். முதல் வருடமே அவரிடம் சொன்னேன். தெரிந்துகொண்டே கடிதத் தலைப்பில் அச்சடித்த மனிதர். நினைத்தாலே காறித் துப்பத் தோன்றுகிறது.

பிப்ரவரி 12, புதன்

மெஸ்ஸில் சொதி. சாப்பிடவில்லை.

பிப்ரவரி 19, புதன்

கைடைப் பார்க்கப் போனேன். காகிதத்தை மேஜையில் வைத்தேன். பதினான்கு பொருள், பதினான்கு எண். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார், தின்று முடித்துத் தோலை அந்தக் காகிதத்தின் மேலேயே வைத்தார்.

"மார்ச் பதினாலு வைவாவ வச்சுக்கிட்டு இப்பம் இத எதுக்குக் கொண்டாந்த?"

"உங்களுக்குத் தெரியும்தானே சார்? ஃபர்ஸ்ட் இயர்லயே சொன்னேன்லா."

"நீ சொன்னது, 'ஒரு வரம்பு வச்சிருக்கேன் சார், இப்பம் ஓடுது'ன்னாக்கும். யூனிட்ட மாத்திப் போட்டுட்டேன்னா சொன்ன? சொன்னியா?"

கிழவர் பொய் சொல்கிறார் என்று எழுத வந்தேன். பொய் சொல்லவில்லை. நான் சொன்னது அவ்வளவுதான்.

"சரி, சவத்த விடு" என்றார் பிறகு, குரலை இறக்கி. "ஆராய்ச்சின்னா எல்லாம் தோராயந்தானே மக்ளே. நாம தலைப்புலயே 'தோராய ஈர்ப்புக் கொள்கைகள்'னுதான போட்டிருக்கோம். யாரயும் ஏமாத்தலியே. நீ பட்டத்த வாங்கு. பெறகு மெதுவா ஒரு திருத்தம் போட்டுக்கிடலாம்."

"சூசைநாதன் சார், சார்?"

"அவருக்கு என்ன? அவரு கணக்குல தப்புன்னு அவரே சொல்லுகாரு. நாம எதுக்கு நடுவுல?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவரைப் பார்த்திருக்கிறேன். சோற்றின் பெயரே பூசணி என்கிறவரை இன்றுதான் பார்த்தேன். வெளியே வந்து குழாயடியில் வாந்தி எடுத்தேன். ஆனால் அவர் சொன்னதைக் கேட்டதும் முதலில் வந்தது நிம்மதிதான். வாந்தி அதற்குப் பிறகு.

மார்ச் 1, சனி

மூன்றாவது நோட்டு. 1.63.

அதை அவர் திறக்கக்கூட இல்லை. மேஜையில் வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு தாளை வைத்தார். பி.எச்டி. பதிவை ரத்து செய்யக் கோரும் விண்ணப்பம். சொந்தக் காரணம் என்று எழுதியிருந்தார். கைடின் கையெழுத்து ஏற்கெனவே விழுந்திருந்தது. வாழைப்பழம் தின்ற அதே சாவகாசத்தில் போட்டிருப்பார்.

"நாலு வருசம் சார். இப்ப போயி விடுதீங்களே?"

"என்ன செய்ய மேடம்? ஒரு நட்சத்திரம் நேரா வரல. பதினாலு மேல எப்பிடி ஏறி நிக்க?"

"யோசிச்சுச் செய்யுங்க சார்" என்றேன். இதைச் சொல்ல ஒரு வாய் வேண்டியிருக்கிறது.

அவர் காத்திருந்தார். நான் பேனாவை மூடித் திறந்து மூடினேன். பிறகு அவர் தாளை மடித்து எடுத்துக்கொண்டு அலுவலகப் பிரிவுக்குப் போனார். மூன்று நோட்டுகளையும் என் மேஜையிலேயே விட்டுவிட்டார். மறந்துவிட்டார் போலிருக்கிறது.

மார்ச் 2, ஞாயிறு

போதும்.

வரம்பை வைத்தது நான். 2019 ஜூலையில். யார் வைத்தது என்று நினைவில்லை என்று ஜனவரியில் எழுதியிருக்கிறேன். என் நாட்குறிப்பில் நானே பொய் எழுதியிருக்கிறேன். படிக்கப் போவது யார்? நான்தான். என் காதிலேயே பூ சுற்றியிருக்கிறேன்.

அலகு தப்பு என்பது அதே வருடம் அக்டோபரில் தெரிந்தது. முதல் கட்டுரை ஏற்கப்பட்டுவிட்டது என்று கைடு துறை முழுவதற்கும் லட்டு கொடுத்த வாரம். ஓர் அட்டவணையைச் சரிபார்க்கையில் கண்ணில் பட்டது. பிறகு அந்த வரிக்குப் பக்கத்தில் 'தற்காலிகம், அலகைப் பார்க்க வேண்டும்' என்று குறிப்பெழுதி, தேதியும் என் பெயரின் முதல் எழுத்தும் போட்டேன். போய் லட்டு தின்றேன். பிறகு ஐந்து வருடம் அதன்மேல் கட்டுரை மேல் கட்டுரையாக ஏற்றினேன். திறக்கக் கூடாது என்ற துறை வழக்கத்தைக் கேலி செய்து எழுதியிருக்கிறேனே, அந்த வழக்கத்தால் அதிகம் பிழைத்தது நான்தான்.

இந்த ஜனவரியில் அவர் கையால் போடுகிறேன் என்றபோதே 1.92 வராது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் நூறு மீட்டர் என்றேன். தெரிந்துதான் இடைமதிப்பு என்றேன். ஒரு மனிதரின் இரண்டு மாதத்தை, அவர் விரலை, அவர் விடுப்பை, எல்லாவற்றையும் என் ஒரு வரியை மூட வாங்கிக்கொண்டேன்.

புறா எச்சம், நெத்திலி, கரப்பான்பூச்சி என்று இரண்டு மாதமாக மூக்கைப் பொத்திக்கொண்டு எழுதியிருக்கிறேன். நாற்றம் எங்கிருந்து வந்தது என்று இப்போது எழுதியாயிற்று.

மார்ச் 8, சனி

நூலகத்தில் பாக்கியில்லைச் சான்று வாங்க சூசைநாதன் சார் வந்திருந்தார். வெளியே வேப்பமரத்தடியில் நிறுத்தினேன். மனப்பாடம் செய்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை.

"சார், உங்க கணக்கு சரி. மூணும் சரி. தப்பு எங்க புரோகிராம்ல. நான் வச்ச வரி."

"தெரியும் மேடம்" என்றார்.

எப்படி என்றேன்.

"மொத நோட்டு முடிஞ்ச அந்த வாரமே ஒங்க ஃபோல்டரத் தொறந்து பாத்தேன். தொறக்கக் கூடாதுன்னு சொன்னாங்க. வாத்தியார் வேல பாக்குறவனுக்கு அப்பிடிச் சொன்னா கை சும்மா இருக்குமா? குறிப்பு இருந்துச்சு. தேதி இருந்துச்சு. ஒங்க எழுத்தும் இருந்துச்சு."

"பெறகு எதுக்கு சார் மறுபடி மறுபடி போட்டீங்க?"

"மொத தடவ எனக்காகப் போட்டேன். பெறகு ரெண்டு தடவயும் ஒங்களுக்காக."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நூறு மீட்டரால் ஒன்றும் ஆகாது என்று தெரிந்தேதான் நூற்றிருபத்துச் சொச்சம் வரி எழுதியிருக்கிறார். ஒவ்வொரு முறை நோட்டை நீட்டும்போதும், நான் வாயைத் திறக்க ஒரு வழி விட்டிருக்கிறார். நான் ஒவ்வொரு முறையும் அதை அடைத்திருக்கிறேன்.

"கைடுகிட்ட சொல்லியிருக்கலாமே சார். பதிவை ஏன் ரத்து செய்யணும்?"

"அந்தப் பதினாலும் ஒண்ணுன்னு தெரிஞ்ச பெறகு அது மேல என் பேர எழுத முடியுமா? திங்கக்கெழம பிள்ளைகள்ட்ட போயி ஸ்டெப்பக் காட்டு, ஸ்டெப்புக்குத்தான் மார்க்குன்னு சொல்லுத ஆளு நா." சட்டைப் பையில் சான்றை மடித்து வைத்துக்கொண்டார். "யார்ட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். நா சொன்னா அது புகாரு. நீங்க சொன்னா திருத்தம்."

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார். நூலகத்துக்குள் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். ஐந்து மணிக்கு மூடுகிறோம் என்று எழுப்பினார்கள்.

மார்ச் 10, திங்கள்

மீனலோசனி மேடம் மீன் சாப்பிடுவார். அயிரை என்றால் உயிராம். சொல்லி வைத்தாயிற்று. அழைப்பிதழ் ஒட்டினேன். என் தமிழ்ச் சுருக்கத்தின் கீழே யாரோ ஹார்ட்டின் வரைந்திருக்கிறார்கள்.

மார்ச் 12, புதன்

வைவாவில் பார்வையாளர் கேட்பதற்கென்று இரண்டு கேள்விகளை முன்கூட்டியே எழுதி ஜூனியர்களிடம் கொடுப்பது வழக்கம். நானும் என் சீனியர்களுக்குக் கேட்டிருக்கிறேன். இன்று இரண்டு கேள்வி எழுதிக் கொடுத்தேன். 'இந்த முறையின் எதிர்காலப் பயன் என்ன?' 'இந்தத் துறையைத் தேர்ந்தெடுக்கத் தூண்டியது எது?' பதிலையும் மனப்பாடம் செய்துவிட்டேன். எழுதும்போது கை கூசவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 13, வியாழன்

ஒன்றும் சொல்வதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அம்மா நாளை அதிகாலைப் பஸ்ஸில் வருகிறாள். மாமா, சித்தி எல்லோரும் வருகிறார்கள். பட்டம் வரட்டும். கைடு சொன்ன மாதிரி பிறகு மெதுவாகத் திருத்தம் போட்டுக்கொள்ளலாம். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். நான் மட்டும் என்ன வானத்திலிருந்து குதித்தவளா?

மார்ச் 14, வெள்ளி

காலை பத்தரை மணி. கருத்தரங்கக் கூடம். அறுபது பேர் இருக்கும். அம்மா முதல் வரிசையில் பட்டுப்புடவையில். தாணுமாலயன் சார் என்னைத் தன் மகளைப் போன்றவள் என்று அறிமுகப்படுத்தினார். நான் நாற்பது நிமிடம் பேசினேன். பதினான்கு வளைகோடுகளும் ஒரே இடத்தில் வந்து கூடும் படத்தைத் திரையில் போட்டதும் மீனலோசனி மேடம், "ரொம்ப அழகா இருக்கும்மா" என்றார். என்னால் அந்தப் படத்தைப் பார்க்க முடியவில்லை. திரையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு பேசினேன்.

அவர் நாலு கேள்வி கேட்டார். எல்லாம் பதில் சொல்லக்கூடியவை. ஜூனியர்கள் இரண்டு பேரும் எழுந்து கொடுத்த கேள்வியைக் கொடுத்தபடி கேட்டார்கள். மனப்பாடம் செய்தபடி சொன்னேன். கைதட்டினார்கள்.

"பார்வையாளர்ல வேற யாருக்காவது கேள்வி உண்டா?" என்றார் கைடு. கேட்டுக்கொண்டே பொன்னாடையைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

கடைசி வரிசையில் சூசைநாதன் சார் உட்கார்ந்திருந்தார். பதிவு ரத்தான மனிதருக்கு இங்கே வேலையில்லை. வெள்ளிக்கிழமை கல்லூரி வேறு உண்டு. இருந்தும் வந்திருந்தார். கை தூக்குவார் என்று நினைத்தேன். தூக்கிவிட மாட்டாரா என்றும் நினைத்தேன். அவர் கைகள் மடியிலேயே இருந்தன. யாரும் எதுவும் கேட்கவில்லை.

நானே கேட்டேன்.

"ஒரு கேள்வி பாக்கி இருக்கு மேடம். பதினாலு பொருளும் வேற வேற. அப்ப இந்தப் பதினாலு கோடும் எப்படி ஒரே இடத்துல வந்து சேருது?"

மீனலோசனி மேடம் சிரித்துக்கொண்டே, "அதானே உன் கண்டுபிடிப்பு" என்றார்.

நான் பலகைக்குப் போனேன். அந்த வரியை எழுதினேன். வரம்பை எழுதினேன். எந்த அலகில் இருக்க வேண்டும், எந்த அலகில் இருக்கிறது என்று எழுதினேன். எப்போது வைத்தேன், எப்போது தெரிந்தது என்று இரண்டு தேதிகளையும் எழுதினேன். வரம்பைச் சரிசெய்தால் வருகிற பதினான்கு எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். இதை ஒரு நட்சத்திரத்தைக் கையால் போட்டுக் கண்டுபிடித்தவர் பெயரையும் எழுதினேன். அழுத்தி எழுதியதில் சாக்பீஸ் இரண்டு முறை உடைந்தது. "மக்ளே, போதும், உக்காரு" என்று கைடு பின்னாலிருந்து சொன்னது கேட்டது. அம்மா என்ன நடக்கிறது என்று பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மீனலோசனி மேடம் பலகையில் இருந்த எண்களைத் தன் டைரியில் குறித்துக்கொண்டார். பிறகு என் தீசிஸைத் தூக்கி, பக்கங்களை விரலால் சரசரவென்று ஓட்டினார்.

"அப்போ இதுல எதும்மா மிஞ்சும்?"

"முதல் அத்தியாயம் மேடம். அது ஐன்ஸ்டைனோடது."

நடு வரிசையில் யாரோ சிரித்தார்கள். மீனலோசனி மேடம் சிரிக்கவில்லை. பட்டத்துக்குப் பரிந்துரைத்துக் கையெழுத்துப் போட எடுத்து வைத்திருந்த தாளை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.